கதிர்வீச்சுக்குப் பின் கழுத்துத் தமனி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

புகையிலை போடும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளான என் அண்ணனுக்கு 11 ஆண்டுகளுக்கு முன் கழுத்தையும் சேர்த்துக் கதிர்வீச்சு சிகிச்சை அளித்தார்கள்; 'கரண்ட் வைப்பது' என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். புற்று திரும்பவில்லை. ஆனால், சென்ற ஆண்டு ஒரு காலையில் அவருக்கு வலது கை விழுந்து, பேச்சும் குழறியது. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லாதவருக்கு மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கக் கழுத்துத் தமனி இத்தனை நீளத்துக்கு ஏன் சுருங்கியது என்று யோசித்த மருத்துவர், கழுத்துத் தோல் கறுத்து இறுகியிருப்பதைப் பார்த்த பிறகே பழைய சிகிச்சையைப் பற்றி விசாரித்தார். எவ்வளவு கதிர்வீச்சு, எந்தெந்த இடத்தில் என்று அவர் கேட்டபோது, காட்டுவதற்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஆறேழு வாரங்களில் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு தருகிறார்கள். அது புற்றணுக்களை அழிக்கும்போதே, வழியிலுள்ள தமனியின் உட்சுவரையும், அச்சுவருக்கே இரத்தம் ஊட்டும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. சுவர் மெல்லத் தடித்து, கொழுப்பு படிந்து, பாதை குறுகுகிறது. இது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆவதால், நோயாளியும் மருத்துவரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இடது மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களின் இதயத் தமனிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. இதைப் படித்து எவரும் கதிர்வீச்சை மறுத்துவிடக் கூடாது. அண்ணன் இன்று உயிரோடு இருப்பதே அதனால்தான்.

என் கோரிக்கை சிறியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுவோர் உட்பட அனைவருக்கும், பெற்ற கதிர்வீச்சின் அளவு, உடற்பகுதி, முடிந்த தேதி ஆகியவற்றைத் தமிழிலும் எழுதிய அட்டையொன்றை மருத்துவமனைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கழுத்துத் தமனியை டாப்ளர் ஸ்கேனில் (ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்ப்பது பற்றியும் அதில் ஒரு வரி இருக்கட்டும். ஊசியோ வலியோ இல்லாத பரிசோதனை அது. சுருக்கம் முன்பே தெரிந்தால் மாத்திரைகளும், தேவைப்படும்போது தமனியை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயும் உள்ளன. அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தது வாதம் வந்த பிறகு. வலது கையால் அவர் இன்னும் கையெழுத்துப் போட முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்.