ஃபெலிசிட்டி கெண்டல் கட்டுரை: ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டிஷ் நடிகை ஃபெலிசிட்டி கெண்டலைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு முறை படித்தேன். மேடையிலும் திரையிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த ஒருவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த முன்வந்தமைக்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் அவரை ‘வாரிசு நடிகை’ என்று மூன்று இடங்களில் எழுதி, பெற்றோரின் பெயர்தான் லண்டனில் அவருக்கு வாய்ப்பு வாங்கித் தந்தது என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெற்றோர் பெயர் பெற்றிருந்தது இந்தியாவில். ஜெஃப்ரி கெண்டலும் லாரா லிடெலும் நடத்திய ‘ஷேக்ஸ்பியரானா’ குழு, மூட்டைமுடிச்சுகளோடு ஊர் ஊராகச் சென்று பள்ளிக்கூடங்களிலும் அரண்மனைகளிலும் நாடகம் போட்ட குழு. சசி கபூரும் உத்பல் தத்தும் அதில் நடித்திருக்கிறார்கள். மூத்த மகள் ஜெனிஃபரைச் சசி கபூர் கைப்பிடித்ததும் அந்த மேடைத் தொடர்பினால்தான். லண்டன் நாடக அரங்குகளை நடத்தியவர்களுக்கு இவர்கள் யார்? கெண்டல் என்பதே வழிவழியாக வந்த குடும்பப் பெயர் அல்ல. பிராக் என்ற குடும்பத்தில் பிறந்த ஜெஃப்ரி, தம் சொந்த ஊரான கெண்டலின் பெயரை மேடைக்காக வைத்துக்கொண்டார். மகளுக்கு வந்த பெயர் அவ்வளவுதான்.

பெயர் தராததை உழைப்பு தந்தது என்பதே நான் சொல்ல விரும்புவது. 1946 இல் பிறந்த ஃபெலிசிட்டி ஒன்பது மாதக் குழந்தையாகவே ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் மேடைக்குத் தூக்கி வரப்பட்டவர். ஏழு வயதளவில் இந்தியாவுக்கு வந்து, குழுவோடு அலைந்தே வளர்ந்தார். அப்படி வளரும் பிள்ளை என்னென்ன கற்கும் என்பதை நான் ஓரளவு அறிவேன். என் தாத்தா டோங்காட் பகுதிக் கரும்புத் தோட்டத்தில் கூத்து வாத்தியார். இந்த நாட்டில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்கிறார்களே, அதுதான் எங்கள் தெருக்கூத்து. அப்பா வேஷம் கட்டும் இரவுகளில் அவருடைய தோளில் புஜகீர்த்தி என்ற தோளணியை வைத்துக் கயிறு கட்டுவது என் வேலை. அதிகமாக இறுக்கினால் அவருக்குப் பாட மூச்சு வராது. தளர்த்தினால் விடியற்காலைப் போர்க் கட்டத்தில் அவிழ்ந்து விழும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதுக்குள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பெண்பிள்ளை வேஷம் கட்டும் வழக்கம் அன்று எங்களிடையே இல்லை என்பதால் திரௌபதியாகவும் என் சித்தப்பாவே ஆடினார், நான் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். ஃபெலிசிட்டியின் பெற்றோர் மகளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் தந்த சொத்து என்று எதையாவது சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

1965 இல் ஜேம்ஸ் ஐவரியின் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ வந்தது. கெண்டல் குடும்பத்தின் வாழ்க்கையைத் தழுவிய அந்தப் படத்தில் பெற்றோரும் மகளும் சேர்ந்தே நடித்தார்கள். படத்தின் முடிவில் அந்தப் பெண் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகிறாள். நிஜத்திலும் ஃபெலிசிட்டி லண்டனுக்குப் போனார். ஆனால் அங்கே ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. 1974 இல் ஆலன் ஐக்போர்னின் ‘த நார்மன் கான்குவெஸ்ட்ஸ்’ நாடக வரிசையில் அவரையும் பெனலபி கீத்தையும் பார்த்த பிறகுதான், ‘த குட் லைஃப்’ தொலைக்காட்சித் தொடருக்கு இருவரும் தேர்வானார்கள். மேடையில் கண்ட நடிப்புக்காக வந்த அழைப்பு அது. கட்டுரையில் இந்தத் தகவலே இல்லை.

1975 முதல் 1978 வரை வந்த அந்தத் தொடரில், வேலையை விட்ட கணவனோடு சேர்ந்து வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போட்டு, கோழியும் பன்றியும் வளர்க்கும் பார்பராவாக அவர் நடித்தார். எங்களுக்கு அது அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 இல்தான்; நிறவெறிக்கு எதிராக பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இந்த நாட்டுக்கு விற்கத் தடை போட்டிருந்தது. அந்தத் தடையை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து வீடியோவில் பார்த்தபோது, காய்கறித் தோட்டம் போட்டே பிள்ளைகளை வளர்த்த என் அம்மா, பார்பரா மண்வெட்டி பிடிப்பதைக் கவனித்துவிட்டு, “இந்தப் பொண்ணு வேலை செஞ்ச பொண்ணும்மா” என்றார்.

கட்டுரையாளர் இந்தத் தொடரோடு நின்றுவிட்டது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ஃபெலிசிட்டியின் சிறந்த காலம் அதன் பிறகே வருகிறது. 1979 இல் நேஷனல் தியேட்டரில் ‘அமடியஸ்’ நாடகத்தில் மொஸார்ட்டின் மனைவி. 1981 இல் டாம் ஸ்டாப்பர்டின் நாடகத்தில் ஆண்பிள்ளை வேடம். அடுத்த ஆண்டே ‘த ரியல் திங்’. அதன் பின் ‘ஹாப்குட்’, ‘ஆர்கேடியா’, 1995 இல் ‘இண்டியன் இங்க்’ என்று அதே ஆசிரியரின் நாடகங்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தன. 2003 இல் பெக்கெட்டின் ‘ஹாப்பி டேஸ்’ நாடகத்தில் வின்னியாக நடித்தார். முதல் பாதியில் இடுப்புவரை, இரண்டாம் பாதியில் கழுத்துவரை மண்மேட்டில் புதைந்தபடி, ஏறக்குறைய தனியாளாகவே முழு நாடகத்தையும் பேசி முடிக்க வேண்டிய வேடம் அது. இரண்டாம் பாதியில் கையைக்கூட அசைக்க முடியாமல், குரலையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு சபையைக் கட்டிப்போட வேண்டும். அப்பா அம்மா பெயரை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

தகவல் பிழையொன்றும் உண்டு. 1981 இல் அபர்ணா சென் இயக்கிய ‘36 சௌரங்கி லேன்’ படத்தின் ஆசிரியை வேடத்தைக் கட்டுரை ஃபெலிசிட்டியின் கணக்கில் சேர்த்திருக்கிறது. அதில் நடித்தவர் அக்கா ஜெனிஃபர். அவர் 1984 இல் புற்றுநோயால் காலமானார். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையாவது தவறாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.