சட்டையை மடித்துக் காட்டிய அக்காவுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று தையல் பிரித்தார்கள். இந்த மூன்று வாரமாக என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதனால் அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. எழுதத் தெம்பும் இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரியில் ரத்தம் கொடுக்க ஓடிவந்த ஏழு பேருக்கும் (அதில் நான்கு பேரை எனக்கு முன்பின் தெரியாது), பணத்தைக் கட்டிவிட்டு யார் கட்டியது என்று சொல்லாமலே போனவருக்கும், என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ஐசியூ வாசலில் முறை வைத்துத் தூங்காமல் கிடந்த தம்பியின் நண்பர்களுக்கும், டாக்டர்களுக்கும், மயக்கம் கொடுத்த டாக்டருக்கும், இரவு நர்ஸ்களுக்கும், ஸ்ட்ரெச்சரை ஒரு குலுங்கல் இல்லாமல் தள்ளிக்கொண்டு போன அண்ணனுக்கும் என் நன்றி. இவ்வளவு பேரையும் ஒரு பத்தியில் அடைப்பது நியாயம் இல்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

ஆபரேஷன் நடந்த இரவு. தம்பியை உள்ளே கொண்டுபோகும்போது அவன் உடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நான் சட்டையை மட்டும் வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் அதைக் கசக்கிக்கொண்டு இருந்தேன் என்று தெரியாது. வந்தவர்கள் எல்லாரும் தோளைத் தொட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஒன்றும் ஆகாது." அன்பாகத்தான் சொன்னீர்கள். படித்துவிட்டு யாரும் வருத்தப்பட வேண்டாம், நானும் எத்தனையோ பேருக்கு இதையேதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அதைக் கேட்கக் கேட்க உள்ளே எதுவோ இறுகிக்கொண்டே போனது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

மணி 11 தாண்டியிருக்கும். தியேட்டருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அந்த அக்கா வந்தார். ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர். செருப்பு மாட்டுவதற்காக என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மடியைப் பார்த்தார்.

"யாரும்மா உள்ள?"

"தம்பி."

"மூணாவது தியேட்டரா?"

தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "உள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. அதைப் பத்தி நான் எதுவும் சொல்லவும் கூடாது. ஆனா டாக்டருங்க போட்டிருக்கிற கவுன் நான் மடிச்சது. சாயங்காலம் அந்தத் தியேட்டருக்குப் போன கவுன் பண்டல் எல்லாத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு. அந்தத் துணியால உன் தம்பிக்குக் கெடுதல் வராதபடி செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சிருக்கேன். அது எனக்குத் தெரியும்."

அந்த இரவில் நான் நம்பிய முதல் பேச்சு அதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெரிந்ததை மட்டும் சொன்னதாலோ என்னவோ, அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது.

துணியை மடிப்பதில் என்ன இருக்கிறது என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். "அந்தச் சட்டையக் கொடு" என்று கையை நீட்டினார்.

சட்டைக்குத் திறப்பு முன்னால், கவுனுக்கு முதுகில். அதனால் பொத்தான் பக்கத்தை முதுகு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு தோள்களுக்குள்ளும் கையை விட்டு, ஒரு தோளை இன்னொன்றின் மேல் கவிழ்த்தார். உட்புறம் முழுவதும் வெளியே வந்தது. கைகள் இரண்டும் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டன. ஓரங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு கீழ்விளிம்பிலிருந்து மேலே, கொசுவம் வைக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் கழுத்துப்பட்டி மட்டும் மேலே தெரிந்தது. அவ்வளவு நேரம் நான் கசக்கிய சட்டை ஒரு சின்னப் புத்தகம் போல ஆகிவிட்டது.

"இப்ப நீதான் டாக்டர். எடு."

எதற்காக இப்படி உள்வெளியாக மடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. டாக்டர்கள் முழங்கை வரை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் கிருமிகள் குறையுமே தவிர அடியோடு போய்விடாது. கையுறை போடுவது கவுனைப் போட்ட பிறகுதான். ஆக, கவுனை எடுக்கிற அந்த நேரத்தில் வெறுங்கை. அந்தக் கை கவுனின் உட்புறத்தைத் தொடலாம், ஏனென்றால் அது போடுகிறவரின் உடம்போடுதான் இருக்கப் போகிறது. நோயாளியைப் பார்த்து நிற்கிற வெளிப்புறத்தை ஒரு விரல் நுனிகூடத் தொடக் கூடாது. அப்படித் தொடவே முடியாதபடி முன்னேற்பாடு செய்து வைப்பதுதான் அந்த மடிப்பு. அவசரத்தில் இருக்கிற டாக்டர் கையை எங்கே வைப்பார் என்பதை, ஒரு நாளோ ஒரு வாரமோ முன்னாலேயே, வேறொரு அறையில் ஒருவர் யோசித்து வைத்துவிடுகிறார்.

கழுத்துப் பக்கம் பிடித்துத் தூக்கி, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன். உதறக் கூடாது என்றார். உதறவே தேவையில்லை, தானாக அவிழ்ந்து விழுந்தது. கைத்துளைகள் சரியாக என் இரண்டு கைகளுக்கு நேராக இருந்தன. வெளிப்புறம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

இப்போது என்னை மடிக்கச் சொன்னார். முதல் தடவை ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை மடிப்பு இறுகிவிட்டது. "இவ்வளவு இறுக்கினா நீராவி உள்ள எப்படிப் போகும்?" என்று கேட்டுவிட்டு அதைப் பற்றியும் சொன்னார். நீராவி ஒவ்வொரு இழைக்குள்ளும் புக வேண்டும், அதனால் பண்டலையும் இறுக்கிக் கட்டக் கூடாது, ஆட்டோகிளேவுக்குள்ளும் (அழுத்தமான நீராவியால் கிருமிகளைக் கொல்கிற இயந்திரம் அது) திணித்து அடுக்கக் கூடாது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

என் பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அக்கா ஒன்றுக்கும் சலிக்கவில்லை. சலவையிலிருந்து வருகிற ஒவ்வொரு கவுனையும் கீழிருந்து விளக்கு எரிகிற மேசையில் விரித்துப் பார்ப்பார்களாம். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஓட்டையைத் தைக்கக் கூடாது, தைத்தால் ஊசி போன இடமெல்லாம் புது ஓட்டை. சூட்டில் ஒட்டுகிற ஒட்டுத்துணிதான் வைப்பார்கள். பிறகு மடிப்பு. பிறகு இரண்டு உறை, ஒன்றின் மேல் ஒன்றாக. பையில் இருந்த தம்பியின் துண்டை எடுத்து அதையும் காட்டினார். துண்டை மூலைவாட்டில் வைத்து, நடுவில் சட்டையை வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, ஒவ்வொரு மூலையின் நுனியையும் கொஞ்சம் திருப்பி விட்டார். பிரிக்கிறவர் அந்த நுனியை மட்டும் பிடித்தால் போதும். முதலில் தனக்கு எதிர்ப்பக்கத்து மூலை, அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியில் தன் பக்கத்து மூலை. அப்படிப் பிரித்தால்தான் திறந்து கிடக்கிற துணிக்கு மேலே கை குறுக்கே போகாது.

பண்டலின் மேல் ஒட்டுகிற டேப்பில் சூடு பட்டதும் கோடுகள் கறுக்கும் என்றார். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாதாம். கோடு கறுத்தால் பண்டல் ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அதனால் உள்ளேயும் ஒரு பட்டை வைக்கிறார்கள், பிரிக்கும்போது அதன் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வெளியே எடுத்த பண்டலில் ஓர் இடம் ஈரமாக இருந்தாலும் முழுப் பண்டலும் திரும்பிப் போகும், ஏனென்றால் ஈரம் வழியாக வெளியிலிருக்கிற கிருமி உள்ளே இறங்கிவிடும். சூடு ஆறுவதற்கு முன்னால் கையால் தொடவோ குளிர்ந்த தட்டில் வைக்கவோ கூடாது, வேர்த்துவிடும். "குழந்தைக்குப் பாக்குற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தினமும் காலையில் ஆட்டோகிளேவின் முதல் ஓட்டம் யாருக்கும் பயன்படாத ஓட்டம் என்று அவர் சொன்னது என் மனசிலேயே நிற்கிறது. இயந்திரத்தின் காலியான உள்ளறையில் ஒரு சோதனைப் பண்டலை மட்டும் வைத்து, 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்டுவார்கள். உள்ளே இருக்கிற தாள் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சீராக நிறம் மாறினால்தான் அறையில் இருந்த காற்று முழுக்க வெளியேறி நீராவி எல்லா இடத்துக்கும் போகிறது என்று பொருள். இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஆட்டோகிளேவைத் தொடமாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். பௌவி, டிக் என்ற இருவர் பெயரில் 1963இல் வெளிவந்த சோதனை அது. அவர்கள் அதைச் செய்து பார்த்ததே மடித்து அடுக்கிய துவாலைகளுக்கு நடுவில் டேப்பைப் பெருக்கல் குறிபோல ஒட்டித்தான். அங்கேயும் மடித்த துணி!

இன்னும் கொஞ்சம் பின்னாலும் போய்ப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் வரைக்கும் டாக்டர்கள் பழைய ரத்தம் காய்ந்து விறைத்துப்போன கோட்டோடுதான் அறுவை செய்திருக்கிறார்கள். பாரிஸில் ஷாம்பர்லான் 1879இல் ஆட்டோகிளேவை உருவாக்கினார். பெர்லினில் பெர்க்மான் 1886 வாக்கில் அறுவைக்கான துணிகளை நீராவியில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கத்திக்குத் தப்பித்துக் காயத்துக்குத் தப்பாமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் வெளியே ஓர் அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் இல்லையா? அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அக்கா என்னோடு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அவர் வீட்டுக்குப் போகிற வண்டி அதற்குள் போய்விட்டது என்று மறுநாள் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே துணி மடித்தவர், வேலை முடிந்து வந்த பிறகும் முன்பின் தெரியாத ஒருத்திக்காக உட்கார்ந்து ஒரு பழைய சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தபோது சட்டை என் மடியில் மடித்தபடியே இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் எட்டுப் பத்து தடவையாவது பிரித்து மடித்திருப்பேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தது. எதையோ சரியாகச் செய்கிறேன் என்று இருந்தது.

நேற்று தையல் பிரிக்கும்போது டாக்டர் புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, "சுத்தமா ஆறியிருக்கு, எங்கயும் சீழ் இல்ல" என்றார். எனக்கு உடனே அக்காவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. மருந்து, கையுறை, கழுவிய கைகள், தினமும் கட்டு மாற்றிய நர்ஸ் என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கும், தெரியும். அதில் ஒரு பங்கு அந்த விரல்களுடையது என்பதும் தெரியும். டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டு, "நாங்க அதைப் பிரிக்கும்போது மடிச்சவங்களை நினைக்கிறதே இல்ல. தப்புதான்" என்றார்.

இனி ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற யாரிடமும் நான் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லமாட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். படிவம் நிரப்பத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். ரத்தம் கொடுக்க முடியும். தெரிந்ததைச் சொல்லி, தெரிந்ததைச் செய்வேன். உங்கள் யாருக்கும் எந்த ராத்திரியிலும் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் உள்ளே வேலையில் இருந்தார், வேலைக்கு நடுவில் வெளியே வர முடியாது. அதனால்தான் இந்த மடல். மாலை ஷிஃப்டில் இருக்கிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தம்பி அன்று அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தான் என்று சொல்லுங்கள். நான் மடித்து வைத்திருந்ததைக் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கினான், தானாக அவிழ்ந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிப்புறத்தில் ஓர் இடத்தில்கூட அவன் கை படவில்லை அக்கா.