ஆண்டறிக்கை: டிக்கெட்டும் நமது புதிய பேரேடும்

தலைவர் அவர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், சங்கத்துச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பிள்ளைகளுக்குக் கையுறையும் தலைக்கவசமும் புதிதாக வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் டிக்கெட் விஷயத்தைத்தான் விரிவாகப் பேசப்போகிறேன். போன ஆண்டு நமக்கு அடிபட்ட இடம் அதுதான்.

ராயபுரத்தில் நாம் நடத்திய குத்துச்சண்டைப் போட்டியன்று 214 என்ற ஒரே எண்ணுள்ள டிக்கெட்டோடு ஐந்து பேர் வந்து நின்றார்கள். நான்கு கலர் ஜெராக்ஸ், ஒன்று அசல். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. பேரன் ரிங்கில் ஏறுவதைப் பார்க்கக் காசிமேட்டிலிருந்து வந்த அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அசலைப் பிரித்துக் காட்டினார். அதற்குள் அரங்கம் நிரம்பிவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று கைதட்டலை மட்டும் கேட்டுவிட்டுப் போனார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியதை இன்றும் பேசுகிற பெரியவர்கள் இருக்கும் ஊர் இது. இங்கே அப்படி நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான் இந்த ஆண்டு பிளாக்செயின். பிளாக்செயினில் ஓடும் டிஜிட்டல் காசான பிட்காயினா என்று பலர் பயந்து கேட்டார்கள். நாம் காசு எதுவும் அதில் போடவில்லை. இதை டிக்கெட் விவரங்களை எழுதிவைக்கும் ஒரு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தின் ‘ஹாஷ்’, அதாவது அந்தப் பக்கத்தின் கைரேகை, பதிந்திருக்கும். நடுவில் ஒரு எண்ணைத் திருத்தினாலும் கைரேகை மாறி, அடுத்த பக்கத்தோடு ஒட்டாமல் போய்விடும். இதே பேரேட்டின் நகல் பொருளாளர், பயிற்சியாளர், மகளிர் அணி, நான் என நான்கு பேரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருவர் கைவைத்தால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். செயலாளரும் அதற்கு விலக்கல்ல.

எத்தீரியம் போன்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது பிளாக்செயினுக்குப் போகலாம் என்றார்கள் நம் இளைஞர்கள். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு, அதுவும் ஏறி இறங்கும். நூறு ரூபாய் டிக்கெட்டுக்குக் கட்டாது. அப்புறம், பெயரையும் போன் எண்ணையும் நம் பிளாக்செயின் பேரேட்டில் ஏற்றவே இல்லை. ஏற்றினால் அழிக்க முடியாது.

சரி, இதனால் போலி ஒழிந்ததா? புதிய டிக்கெட்டின் கியூஆர் கோடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பிளாக்செயின் அதைத் தடுக்காது. 2018 ஆகஸ்டில் எஸ்தோனியாவின் தாலின் நகரில் நடந்த, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் சூப்பர் கோப்பைக்கு பிளாக்செயின் டிக்கெட்தான் கொடுத்தார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே, புளூடூத் மூலம், போனில் கியூஆர் கோடு வேலை செய்தது. அந்த வசதி நமக்கு இல்லை. நாம் இரண்டு காரியம் செய்தோம். முதல் ஸ்கேனோடு டிக்கெட் முடிந்துவிடும். ஸ்கேன் செய்யும் முன், வாங்கியவரின் போன் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு நோட்டில் சரிபார்ப்போம். போன் இல்லாத பெரியவர்களுக்குக் காகித டிக்கெட்டே கொடுத்து, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டோம். ஸ்மார்ட்போன் இல்லை என்பதற்காக யாரையும் வாசலில் நிறுத்த எனக்குச் சம்மதமில்லை.

இந்த ஆண்டுப் போட்டியன்று மாலை பின்வாசலில் நெட் போய்விட்டது. முன்வாசலில் ஸ்கேனாகி முடிந்துபோன டிக்கெட் ஒன்று, அந்தத் தகவல் வந்து சேராததால், பின்வாசல் போனில் செல்லும் என்று பச்சை காட்டியது. நல்லவேளை, நான்கு இலக்கத்தைக் கேட்டதும் அந்தத் தம்பி திரும்பிப் போய்விட்டார். உடனே பின்வாசலைப் பூட்டி ஒரே வரிசையாக விட்டோம். வரிசை தெருமுனை வரை போனது, மழையும் தூறியது, நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

டிக்கெட்டைக் கைமாற்றும்போது போட்ட விலைக்கு மேல் பதிவாகாது. வெளியே ரகசியமாகக் கூடுதல் காசு வாங்கினால் பேரேட்டுக்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த போட்டிக்குள் வாசலுக்கென்று தனி வைஃபை ரூட்டர் ஒன்று வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். போன ஆண்டு அசல் டிக்கெட்டோடு வெளியே நின்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவருகிறோம். இன்னும் இருவர் வந்து வாங்கவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். பொருளாளரிடம் கவர் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்