கடல்நீர்த் தொட்டி சொல்லிக்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கொளத்தூர் அண்ணனுக்கும், எங்கள் குடியிருப்பு வேதியியல் வாத்தியாருக்கும், பெங்களூரு நண்பருக்கும், மூன்றாம் மாடிக் குடும்பத்துக்கும், நான் முகம் பார்த்தே இராத சில எழுத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டுக் கோமாளி மீன் ஜோடி முட்டையிட்டிருக்கிறது. கல்லின் ஓரத்தில், பம்ப் வீச்சு நேராகப் படாத மறைவில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் திட்டு. ஆண் மீன் அதை விட்டு நகர்வதில்லை. துடுப்பால் விசிறுகிறது, வாயால் முட்டைகளைத் தடவித் தடவிச் சுத்தம் செய்கிறது, கெட்டுப்போனதைத் தின்றுவிடுகிறது. பெரியவள் வெளியே காவல் நிற்கிறாள்; கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் வந்து கடிக்கிறாள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள், “எங்கே கற்றுக்கொள்வது, யாரைக் கேட்பது?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் எனக்குச் சொன்னது “வேண்டாம்”, “பொறு” என்ற இரண்டே சொற்கள்தான். இந்தப் பொழுதுபோக்கில் அதைச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம். “இதை வாங்கு, அதையும் வாங்கு” என்று சொல்லத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

முதலில் கொளத்தூர் அண்ணன். நன்னீர் மீனுக்குப் பெயர்போன அந்தத் தெருக்களில் கடல் மீன் வைத்திருக்கும் சிலரில் அவர் ஒருவர். நீல நிற டாங் மீனைக் காட்டி விலை கேட்டேன். தொட்டி என்ன நீளம் என்று கேட்டார், சொன்னேன். “தரமாட்டேன். இது ஒரு அடி வளரும் மீன், நாள் முழுக்க நீந்திக்கிட்டே இருக்கும். ஆறடி டேங்க் வச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்” என்றார். கையில் காசோடு நிற்பவனிடம் இப்படிச் சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருந்த தன் சம்பிலிருந்து (மீன் தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) ஒரு கை பீங்கான் வளையங்களை அள்ளி, ஈரத்தோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த வளையங்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாதான் தொட்டிக்கு உயிர். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை அது நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை ஒரு மீன்கூட விடக்கூடாது என்றார். அத்தனை வாரமும் வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள்.

உப்பை அளப்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரை வைத்துச் சரிசெய்தால் கடல்நீர் அளவில் பிசகலாம். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள திரவத்தை வைத்தே சரிபார்க்க வேண்டும். கடல்நீரின் உப்பு அதுதான், அடர்த்தியில் சொன்னால் 1.026. அப்புறம் சென்னை வெயில். மே மாதத்தில் தொட்டியின் மேலே ஒரு ஃபேனைத் திருப்பிவைத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறைந்த தண்ணீரை உப்பில்லாத தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியை ஊறுகாய் ஆக்கிவிடுகிறார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

வீட்டு ஆர்ஓ சர்வீஸுக்கு வரும் தம்பிக்கும் இங்கேயே நன்றி. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். குடிக்கிற ஆர்ஓவில் வடித்த பிறகும் மீட்டர் பூஜ்யத்துக்கு வராது. மிச்சத்தில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிகேட்டும் பாசிக்கு விருந்து. ரெசின் அடைத்த ஒரு குழாயைக் கடைசியில் இணைத்து மீட்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் காட்டினார். “மீனுக்கு நம்மளவிட நல்ல தண்ணி சார்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பெங்களூரு நண்பர் தன் புத்தகங்களை கூரியரில் அனுப்பிவைத்தார். திருப்பிக் கேட்கவே இல்லை, அதனால் இந்த மடல் வழியாகச் சொல்கிறேன்: பத்திரமாக இருக்கின்றன. ராபர்ட் ஃபென்னரின் ‘தி கான்ஷியன்ஷியஸ் மரீன் அக்வாரிஸ்ட்’தான் தொடக்கக்காரருக்கு முதல் புத்தகம் என்பது என் கட்சி. எந்த மீன் தொட்டியில் பிழைக்கும், எது கடலிலேயே இருக்க வேண்டியது என்று அவர் தயங்காமல் பிரித்துச் சொல்கிறார். சார்லஸ் டெல்பீக்கும் ஜூலியன் ஸ்ப்ரங்கும் சேர்ந்து எழுதிய ‘தி ரீஃப் அக்வாரியம்’ மூன்று பாகங்கள். முதல் பாகம் 1994-இல் வந்தது. அதை முதல் நாளே தொட வேண்டாம், கனம். ஆனால் ஒரு பாலிப் (பவள இனத்தின் பூப்போன்ற சின்ன உயிர்) ஏன் சுருங்குகிறது என்ற கேள்வி வரும் அன்று அதுதான் கைகொடுக்கும். மார்ட்டின் மோ 1982-இல் எழுதிய கையேடு விளக்கு, ஃபில்டர் விஷயத்தில் பழசாகிவிட்டது. மீன் குஞ்சு பொரிக்கவைக்கும் பகுதி பழசாகவில்லை. 1970-களில் புளோரிடாவில் கோமாளி மீனை வணிக அளவில் வளர்த்துக் காட்டிய முன்னோடி அவர். இப்போது முட்டைத் திட்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறேன்.

இந்தக் கலை முழுக்க மேற்கிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தவனுக்கு, ஜகார்த்தாவின் லீ சின் எங் பற்றி நண்பர் சொன்னது பெரிய சந்தோஷம். கடல் மீனைச் சில மாதம் உயிரோடு வைப்பதே பெருமை என்றிருந்த காலத்தில், உயிருள்ள கடல் கற்களையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் நம்பி அவர் தொட்டி நடத்தினார். 1961-இல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அதை எழுதினார். இன்று உலகமெங்கும் கற்களை அடுக்கித் தொட்டி வைக்கிறார்களே, அதன் வேர் ஜாவாவில் இருக்கிறது.

வாத்தியார் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மீனே வளர்க்காதவர். அல்காலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்), கால்சியம், மெக்னீசியம் என்று படித்துக் குழம்பிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லியின் கட்டுரைகளை இருவரும் சேர்ந்து படித்தோம். பவளத் தொட்டி வேதியியலைச் சாதாரண ஆட்களுக்குப் புரியவைத்ததில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொழிலும் வேதியியல்தான்: சிறுநீரக நோயாளிகளின் உடலில் சேரும் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் செவலமர் மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பாஸ்பேட்டோடு மல்லுக்கட்டுவது தொட்டிக்காரனின் பிழைப்பும்கூட என்பதால் வாத்தியாருக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

வாத்தியார் காகிதத்தில் எழுதிக்காட்டியது இன்னும் என் சம்ப் கதவில் ஒட்டியிருக்கிறது. கல் பவளம் தன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஒரே விகிதத்தில் இழுக்கிறது. கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறைந்தால் அல்காலினிட்டி 2.8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) குறையும். கால்சியம் 420-இலிருந்து 400-க்கு வந்தால் கிட்டில் தெரிவதே கஷ்டம். அல்காலினிட்டி 8-இலிருந்து 5-ஐ ஒட்டி வந்தால் அபாயம். ஆகவே முதலில் அளக்க வேண்டியது அல்காலினிட்டியை. பிறகு, இரண்டையும் அதே விகிதத்தில் திருப்பிக் கொடுக்கும் மலிவான சரக்கு ஒன்று உண்டு என்று சொல்லி ஒரு பாட்டிலைக் காட்டினார். தெளிந்த சுண்ணாம்பு நீர்! வெளிநாட்டில் ‘கால்க்வாசர்’ என்று பெரிய பெயர் வைத்து விற்பது அதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிடாதே, தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும், அதன் பிஹெச் 12-க்கு மேல், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும் என்று ஒரு மணிநேரம் விளக்கினார். எல்லாம் முடிந்து, “உன் தொட்டியில கல் பவளம் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப இதெல்லாம் உனக்கு எதுக்கு? வாராவாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்து, போதும்.” காப்பி வந்தது.

கல் பவளம் ஏன் இல்லை என்பதற்கு ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடித்தளப் படகு ஓட்டிய அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல வேண்டும். காலடியில் கண்ணாடி, அதன் கீழே மன்னார் வளைகுடா. கிளை கிளையாகப் பழுப்பு நிறத்தில் பவளம், அதற்கிடையில் கோடு போட்ட சின்ன மீன்கள். “பார் மேல கை வச்சா உள்ளதான் சார்” என்றார். பார் என்றால் அங்கே பவளத் திட்டு. உண்மைதான். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன; கூடவே கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் எல்லாமே. முதல் அட்டவணை உயிர் என்றால் தண்டனை குறைந்தது 3 ஆண்டுச் சிறை. செத்த பவளக் கல்லும் இதில் அடங்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு கடையில் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு துண்டைக் காட்டினார்கள். கடைப் பெயர் வேண்டாம். புதியவர்களே, அமெரிக்க வீடியோக்களில் பார்க்கும் தொட்டியை அப்படியே இங்கே வைக்க முடியாது. செயற்கைக் கல், அதில் பட்டன் பாலிப், காளான் பாலிப் என்று வைத்தாலே தொட்டி நிறைந்துவிடும். இவை கல் பவளம் அல்ல.

மீனுக்கு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாருக்குக் கடன்பட்டிருக்கிறேன். கடலில் பிடிக்காமல் பொரிப்பகத்திலேயே கோமாளி மீனை வளர்க்கலாம் என்று இந்த நாட்டில் செய்துகாட்டியவர்கள் அந்த நிலையத்தின் ஆய்வாளர்கள். என் ஜோடி ஒரு பொரிப்பகத்தில் பிறந்தது. பிறந்ததிலிருந்தே தீவனம் தின்று பழகியதால் முதல் நாளே சாப்பிட்டது. குட்டியில் எல்லாமே ஆண்தான், இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும், ஆகவே அளவில் வித்தியாசமாக இரண்டு வாங்கினால் ஜோடி தேட வேண்டாம் என்பதும் அங்கே போனபோது கேட்டறிந்ததுதான்.

நோய் விஷயத்தில் மறுபடியும் பெங்களூரு நண்பர். எந்த மீன் வந்தாலும் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டி என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க் கிருமி, மீனை விட்டு உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கும். அது தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் மீன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் போட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. தாமிர மருந்து மீனைக் காப்பாற்றும், இறாலையும் நத்தையையும் பாலிப்பையும் கொன்றுவிடும். அதனால் அது தனித்தொட்டியில் மட்டும். பட்டன் பாலிப் வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடச் சொன்னதும் அவர்தான். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. அந்தக் கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யப் போய், ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உலகில் உண்டு.

மூன்றாம் மாடிக் குடும்பத்தாரே, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நீங்கள் மறந்திருக்கலாம், என் மீன்கள் மறக்காது. கரண்ட் போய் எங்கள் இன்வெர்ட்டரும் மூச்சை நிறுத்தியபோது, உங்கள் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு எங்கள் பம்புக்கு மாடியிலிருந்து ஒயர் இறக்கினீர்கள். விளக்கு, ஹீட்டர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எதுவும் அவசரமில்லை, தண்ணீர் அசைந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்றை இப்போது தொட்டியடியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை உங்கள் ஃபேனுக்குத் தொந்தரவில்லை.

அம்மாவுக்குத் தனியாகச் சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும். ஹாலில் கொசு மருந்து மிஷினை அணைத்துவிட்டு வலை கட்டிக்கொண்டார், ஏனென்றால் அந்த மருந்து இறாலுக்கும் மீனுக்கும் ஆகாது. தாமிரம் இறங்கும் என்றதும் தன் செம்புக் குடத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுவருவதில்லை. “சாமிக்கு ஆகும், உன் இறாலுக்கு ஆகாதா?” என்று கேட்டதோடு சரி.

முட்டைகளில் இன்று வெள்ளிக் கண்கள் தெரிகின்றன. இட்டு ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பிறகு பொரியும் என்கிறார்கள். குஞ்சுகளுக்குத் தீனியாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்க்க பாசி கல்ச்சர் வேண்டும்; கொளத்தூர் அண்ணனே, ஞாயிறு காலை வருகிறேன், ஒரு பாட்டில் எடுத்துவையுங்கள், இந்த முறை காசு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்க நினைக்கும் அக்கம்பக்கத்தார் சனிக்கிழமை மாலை தண்ணீர் மாற்றும் நேரத்தில் வீட்டுக்கு வரலாம். புத்தகங்கள் இரவல் தருகிறேன், ரிஃப்ராக்டோமீட்டரைக் கொண்டுவந்தால் சரிபார்த்தும் தருகிறேன். தொட்டி வாங்குவதற்கு முன்பே வாருங்கள்.

அன்புடன்,
இரண்டாம் மாடித் தொட்டிக்காரன்