குடும்பக் குழுப்படத்தில் முகங்களை மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தனித்தனிப் படங்களை இணைத்துக் குழுப்படம் தயாரித்ததில் சேவைக் குறைபாடு, திருத்திய படம் அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வெவ்வேறு காலத்தில் எடுத்த எங்கள் குடும்பப் படங்களை ஒரே குழுப்படமாக இணைத்து, 24க்கு 36 அங்குல அளவில் அச்சிட்டு, பிரேம் போட்டு அனுப்பும்படி உங்கள் நிறுவனத்திடம் கேட்டு, முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தேன். படம் சென்ற வாரம் திருநெல்வேலியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரேமிலும் கண்ணாடியிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் படங்களை இணைப்பதோடு நிற்காமல், அவற்றில் இருப்பவர்களின் முகங்களையே மாற்றியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. தாத்தாவும் ஆச்சியும் இருப்பது 1960களில் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பாவுக்கு இருப்பது 1980களின் கலர் படம். அம்மாவும் தங்கையும் நானும் இருப்பவை செல்போனில் எடுத்த படங்கள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தானே எடுத்து அனுப்பியது. ஆச்சி காலமான பிறகு பிறந்தவள் என் தங்கை. அவளை ஆச்சியின் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் படத்தை நாங்கள் கேட்டதற்கு முதல் காரணம். பழைய படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் உங்கள் இணையதளத்திலேயே முழு அளவில் ஏற்றினேன். முகங்களை மாற்ற வேண்டாம், நிறத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்று ஆர்டரின் குறிப்புப் பகுதியில் தெளிவாக எழுதியும் இருந்தேன்.

எங்கள் ஆச்சி காது வளர்த்தவர். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் அணிந்த பாம்படம் அவர் காதில் தோள்வரை தொங்கும். மூலப்படத்தில் அந்த நீண்ட காதுமடலும், அதில் அடுக்கடுக்காகத் தெரியும் தங்க உருண்டைகளும் தகடுகளும், ஸ்டுடியோ வெளிச்சம் அவற்றின் விளிம்பில் பட்டு மின்னுவதும் நன்றாகவே தெரிகின்றன. நீங்கள் அனுப்பிய படத்தில் காதுமடல் சாதாரண அளவுக்குச் சுருங்கி, அதில் ஒரு ஜிமிக்கி தொங்குகிறது. நெற்றிச் சுருக்கங்கள் இல்லை. தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. நிறம் இரண்டு மூன்று படி வெளுத்திருக்கிறது. படத்தைப் பிரித்ததும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அத்தை காது எங்க?" என்பதுதான். மாமியாரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்கே அடையாளம் தெரியாத ஒரு முகத்தைத்தான் எங்களுக்கு விற்றிருக்கிறீர்கள்.

இதைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ மென்பொருள் தானாகச் செய்த மாற்றம் இது என்றும், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இப்படித்தான் விரும்புகிறார்கள் என்றும் உங்கள் ஊழியர் பதில் சொன்னார். அத்தகைய மென்பொருள் மங்கலான இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதைக் கண்டெடுப்பதில்லை. தான் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, அங்கே என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகிறது. பாம்படக் காதை அது அதிகம் பார்த்திருக்காது, ஆகவே தனக்குத் தெரிந்த காதை வைத்துவிட்டது. இதைக் கவனித்துத் திருத்துவதற்குத்தானே ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும்? ஃபோட்டோஷாப் வெளிவந்தது 1990இல். அதற்கு முன்பே நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் இறந்தவரின் படத்தை உயிரோடு இருப்பவரின் பக்கத்தில் இருட்டறையில் வைத்துச் சேர்த்தார்கள், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் (கையால் திருத்தும் வேலை) செய்தார்கள். அந்தப் படங்களில் ஒட்டு தெரியலாம், ஆனால் ஆள் மாறியதில்லை.

அப்பாவின் படத்தில் நடந்திருப்பது வேறு வகைத் தவறு. அவர் குடும்பத்தின் பக்கம் திரும்பியிருப்பதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய உருவத்தை இடவலமாகப் புரட்டியிருக்கிறீர்கள். சட்டைப் பை வலது மார்புக்கும், கைக்கடிகாரம் வலது கைக்கும், இடது புருவத்துக்கு மேல் இருந்த மச்சம் வலப்புறத்துக்கும் போய்விட்டன. வகிடும் மாறிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எதிர்ப்புறம் திரும்பியிருக்கும் வேறொரு படத்தைக் கொடுத்திருப்போம்.

இவை தவிர, கையெட்டும் தூரத்தில் எடுத்த அண்ணனின் படத்தை அப்படியே பொருத்தியதால் அவருடைய தலை மற்றவர்களின் தலையைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆச்சிக்கு இடப்பக்கமிருந்தும் எங்களுக்கு உச்சியிலிருந்தும் வெளிச்சம் விழுகிறது. ஒருவர் காலடியிலும் நிழல் இல்லை. நீங்கள் அனுப்பிய டிஜிட்டல் கோப்பு 1600க்கு 2400 பிக்சல் மட்டுமே. 24 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 67 பிக்சல்தான் வரும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 300 தேவையில்லை, 150கூடப் போதும் என்பதை நான் ஏற்கிறேன். இது அதில் பாதிகூட இல்லை.

அச்சிடுவதற்கு முன் மாதிரிப் படம் அனுப்பி ஒப்புதல் பெறுவோம் என்று உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

ஆகவே, மூலப்படங்களில் உள்ள முகங்களை அப்படியே வைத்து, அளவு, வெளிச்சம், நிறச் சாயல் ஆகியவற்றை மட்டும் ஒரு கலைஞர் கையால் சரிசெய்து, முழு அளவு மாதிரியை எனக்கு அனுப்பி, நான் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு மறுபடி அச்சிட்டுத் தரக் கோருகிறேன். இயலாது என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதுவானாலும், வேலை முடிந்ததும் நான் ஏற்றிய படங்கள் அனைத்தையும் உங்கள் சர்வரிலிருந்து அழித்துவிட்டதாகவும், விளம்பரத்துக்கோ மென்பொருளைப் பழக்குவதற்கோ அவற்றைப் பயன்படுத்தவில்லை என்றும் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். மூலப்படங்கள், நீங்கள் அனுப்பிய கோப்பு, பணம் செலுத்திய ரசீது, ஆர்டரில் நான் எழுதிய குறிப்பின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி.