மருமகனிட்ட கயிற்றை விடச் சொல்லு

கல்லடி,
ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

ஆறு மாசமா ஒரு வரி எழுதாததுக்குக் காரணம் சொன்னா நீ நம்பமாட்டாய், அதால சொல்லல்ல. வீட்டில எல்லாரும் சுகம். அம்மாட முழங்கால் அப்பிடித்தான். பெரியவர் இன்னும் கடையை விக்கல்ல, விக்கவும் மாட்டார்.

எழுத வைச்சது உன்ட மருமகன்ட வீடியோ. அறுகம் குடாவில வெள்ளைக்காரரை ஏத்த மட்டக்குதிரை வாங்கியிருக்கான் எண்டதும் சந்தோசம்தான். ஆனா அந்த வீடியோவை நாலு தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தன். அவன் கடிவாள வாரை இழுக்க, குதிரை வாயைத் திறக்குது, தலையை மேல தூக்குது, வாலைச் சுழட்டுது. "அடங்குதில்ல" எண்டு இவன் இன்னும் இழுக்கான். அதுக்கு வாய் நோகுதுடா! முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில பல்லில்லாத இடம் ஒண்டு இருக்கு, கடிவாள இரும்பு கிடக்கிறது அதில. மெல்லிய தோல், அதுக்குக் கீழ உடனே எலும்பு. உன்ட கணைக்கால் எலும்பில கரண்டிக் காம்பை வைச்சு அழுத்திப் பார், விளங்கும்.

முதல்ல கடிவாளத்தைக் கழட்டச் சொல்லு. ரெண்டு கிழமைக்கு வாய்க்குள்ள இரும்பில்லாத வெறும் தலைக்கயிறு போதும். இடது தோளோட நிக்கட்டும். நெத்திக்கு நேர கிட்ட நிண்டாலும் வாலுக்கு நேர பின்னால நிண்டாலும் அதுக்கு ஆள் தெரியாது, திடுக்கிடும். கயிற்றை முன்னுக்கு லேசா, ஒரு விரல் பாரத்துக்கு இழுத்துப் பிடிச்சிட்டு அப்பிடியே காத்திருக்கணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். குதிரை கால் எடுத்து வைக்க முந்தி உடம்புப் பாரத்தை முன்னுக்குச் சாய்க்கும் பார், அந்தச் செக்கனிலயே கயிறு தொங்கிப் போகணும். அது பாடம் எடுக்கிறது நாம விடக்குள்ளதான். மூண்டு செக்கன் பிந்தி விட்டா வேற எதையோ படிச்சிரும். தலையைத் தூக்கக்குள்ள விட்டுப்போட்டா தலையைத் தூக்கினா விடுவாங்க எண்டு படிக்கும், இப்ப நடந்திருக்கிறது அதுதான். ஒரு தரத்துக்கு 15 நிமிசம், காலையும் பின்னேரமும். நல்லாச் செய்யக்குள்ளயே நிப்பாட்டணும்.

கையில பனங்கட்டி குடுத்துக் கொஞ்சிறதை அன்பு எண்டு நினைக்க வேணாம். அது கையைக் கடிக்கப் பழகும். கழுத்தடியில, சேணத்துக்கு முன்னால சொறிஞ்சு விடட்டும், குதிரைகள் தங்களுக்குள்ள சொறியிறதும் அந்த இடத்திலதான். வயித்து வாரையும் ஒரேயடியா இறுக்க வேணாம். ஒரு ஓட்டை இறுக்கி, பத்தடி நடத்தி, மறுகா ஒண்டு. வாருக்கும் வயித்துக்கும் நடுவில ரெண்டு விரல் போகணும்.

ஆள் ஏத்திப் பழக்கக்குள்ள முதல் நாலைஞ்சு பாடத்துக்கு வார் அவங்கட கையிலயே இருக்கக் கூடாது. வாரை முடிச்சுப் போட்டுக் கழுத்தில விட்டுட்டு, இவன் நீளக் கயிற்றில வட்டமா நடத்தட்டும், ஏறினவர் பிடரியைப் பிடிக்கட்டும். பயந்த ஆள் முழங்காலை இறுக்கும், குதிகாலால உதைக்கும், அதே நேரம் வாரில தொங்கும். அக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சா உன்ட பழைய ஹொண்டா என்ன செய்தது? காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டில வந்தாப் பிறகுதான் வாரைக் குடுக்கணும். செருப்போட வாறவங்களை ஏத்தவே வேணாம். குதியில்லாத செருப்பு, கால் வைக்கிற அங்கவடிக்குள்ளால வழுக்கிப் போகும், விழுந்தா கால் மாட்டி இழுபடும்.

என்ட பெரிய பயம் இதொண்டும் இல்ல, பாரம். உன்ட வீட்டில தையல் நாடா இருக்குத்தானே? முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி அள, தோள் முனையில இருந்து பின்தொடை எலும்பு முனை வரைக்கும் நீளம் அள. நெஞ்சளவை நெஞ்சளவாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 11,880 ஆல பிரி. 150 சென்ரிமீற்றரும் 130 சென்ரிமீற்றரும் எண்டா 246 கிலோ வரும். அதில ஐஞ்சில ஒரு பங்குக்கு மேல முதுகில ஏறக் கூடாது, சேணமும் சேர்த்து. அது 49 கிலோ. சேணம் 8 கிலோ எண்டு வை, மிச்சம் 41. ஆறடி வெள்ளைக்காரனுக்கு இதில எங்க இடம்? பிள்ளையளை ஏத்தலாம், அவ்வளவுதான். கட்டாயம் பெரிய ஆக்களை ஏத்தணும் எண்டா அதை வித்துப்போட்டுப் பெரிய குதிரை எடுக்கணும். அவனுக்குக் கோவம் வரும், நீதான் சொல்லணும். நான் சொன்னா "மாமாட கூட்டாளி பறையத் தொடங்கிற்றார்" எண்டுதான் சொல்லுவான்.

வெக்கையான கச்சான் காத்து தொடங்கினா பகல் ஓட்டமே வேணாம், காலையில ஏழரைக்குள்ள முடிக்கணும். காய்ஞ்ச மணலில ஓட்டாம அலை நனைச்ச இறுகின மணலில நடத்தட்டும், கால் தசைநார் தப்பும். புல்லை மணலில கொட்டினா மணலும் சேர்ந்து வயித்துக்குள்ள போய்க் குத்தெடுக்கும். ஒரு பிடி சாணத்தை வாளித் தண்ணியில கரைச்சு அடியில என்ன தங்குது எண்டு பார்க்கட்டும். மில் தவிடு மலிவு எண்டு அதையே அள்ளிப் போடுறானாம். தவிட்டில பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. எலும்பில இருக்கிற கல்சியத்தை உடம்பு உருவி எடுக்க, மாசக்கணக்கில முகத்து எலும்பு ஊதிப் போகும். புல்லுத்தான் சாப்பாடு, தவிடு ஒரு கைப்பிடி.

நெஞ்சளவும் நீளமும் அளந்து இந்தக் கிழமைக்குள்ள அனுப்பு. கடிவாளத்தைக் கழட்டினாப் பிறகு கடைவாய் ஓரத்தில புண் கிடக்கா எண்டும் பார்த்து எழுது.

உன்ட கூட்டாளி