மேலாளரின் விளையாட்டும் ஊழியரின் சிரிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர்களைத் தழுவி எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓர் அலுவலகத்தை ஆவணப்படக் குழு படம்பிடிப்பதுபோல் எடுத்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான ‘தி ஆபீஸை’ எடுத்துக்காட்டி, ஒரு நாட்டுச் சிரிப்பு இன்னொரு நாட்டில் எடுபடாது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். அந்தத் தொடரின் பிரிட்டிஷ் வடிவத்தையும் அமெரிக்க வடிவத்தையும் முழுதாகப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அதில் சிரிப்பு பிறகுதான் வருகிறது. முதலில் வருவது வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் தங்கள் ஊரில் எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் போனவர்களுக்குத் தொடர் கைகூடியது. வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தவர்களுக்குக் கைகூடவில்லை.

2001 ஜூலையில் பிபிசி டூவில் வந்த முதல் அத்தியாயத்திலேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்லௌ ஊரில் ஒரு காகித நிறுவனத்தின் கிளை. மேலாளர் டேவிட் பிரென்ட், புதிதாக வந்த தற்காலிக ஊழியர் முன்னால் தன்னைக் கலகலப்பான ஆளாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறார். வரவேற்பாளர் டானை அறைக்குள் கூப்பிடுகிறார். ஸ்டிக்கி நோட் திருடியதாகக் குற்றம்சாட்டி, வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்கிறார். டான் உடைந்து அழுகிறார். அதன்பிறகுதான் ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்கிறார் பிரென்ட். பக்கத்தில் இருக்கும் இளைஞருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் ஒன்றை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அதே அத்தியாயத்தில் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அதனால்தான் அந்தப் பொய்யை டான் நம்புகிறார். ஆள்குறைப்புப் பேச்சு இல்லாத அலுவலகத்தில் அந்தக் காட்சிக்கு உயிரே இருக்காது.

இதே காட்சி 2005 மார்ச்சில் அமெரிக்காவின் என்பிசியில் வந்தது. ஊர் ஸ்க்ரான்டன், மேலாளர் மைக்கேல் ஸ்காட், வரவேற்பாளர் பாம். அந்த முதல் அத்தியாயம் ஏறக்குறைய பிரிட்டிஷ் எழுத்தின் நகல். முதல் பருவம் 6 அத்தியாயங்களோடு முடிந்தது, பெரிய வரவேற்பும் இல்லை. இங்கே நின்றிருந்தால் கட்டுரையாளர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தழுவலை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் அடுத்த பருவத்தில் மேலாளரையே மாற்றினார். ஒரு பெரிய வாடிக்கையாளரை உணவகத்துக்கு அழைத்துப்போய், மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசி, கடைசியில் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிவிடுகிறார் மைக்கேல். கூட வந்த மேலதிகாரி திகைத்துப் போகிறார். இந்த ஆள் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தார் என்பதற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைக்கிறது: நல்ல விற்பனையாளர். திறமை இருந்தால் மேலே வரலாம் என்று நம்பும் நாட்டில், திறமையே இல்லாத ஒருவரை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்ள மாட்டார்கள். பிரிட்டனில் அந்தக் கேள்வியே எழவில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் மேலாளர் ஆவார்கள் என்று பார்த்தவர்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு மேலாளர்களும் எப்படி விடைபெறுகிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் தொடரின் இரண்டாம் பருவக் கடைசியில் பிரென்டுக்கே வேலை போகிறது. டானை வைத்து விளையாடிய அதே மனிதர், தன்னை எடுத்துவிட வேண்டாம் என்று மேலதிகாரிகளிடம் குரல் தழுதழுக்கக் கெஞ்சுகிறார். அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஓராண்டு முழுக்க வெறுத்த ஒருவருக்காக அழுதேன். மைக்கேல் ஸ்காட்டோ காதலியோடு வாழத் தானே விரும்பி ஊரைவிட்டுப் போகிறார், விமான நிலையத்தில் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு. ஒருவர் நிர்வாகம் துரத்தியதால் போகிறார், மற்றவர் வாழ்க்கை அழைத்ததால் போகிறார். பிரிட்டிஷ் மூலத்தை உருவாக்கிய ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் 14 அத்தியாயங்களில் முடித்த கதையை அமெரிக்கர்கள் 201 அத்தியாயங்களுக்கு, 2013 வரை, நீட்டியதற்கும் இந்த வித்தியாசத்துக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன். கெஞ்ச வைக்கும் மேலாளரோடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்த முடியாது.

கட்டுரையில் ஜெர்மனி ஒரு வரியில் போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய குறை. 2004 முதல் 2012 வரை ஓடிய ஜெர்மன் வடிவமான ‘ஷ்ட்ரோம்பெர்க்’ முதலில் உரிமம் வாங்காமலேயே வந்தது. பிபிசி தரப்பு வழக்குப் பேச்சு எடுத்த பிறகே மூலத்துக்கு நன்றி போட்டார்கள். அது தவறுதான். ஆனால் எழுதிய ரால்ஃப் ஹுஸ்மன் காகித நிறுவனத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவைப் பிடித்தார் பாருங்கள், அது பெரிய காரியம். யாருடைய நனைந்த கம்பளத்துக்குப் பணம் தருவது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் மேசைகள். பிரென்ட் எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்று தவிக்கிறவர். இங்கே மேலாளரான பெர்ன்ட் ஷ்ட்ரோம்பெர்க் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளக் கணக்குப் போடுகிறவர், மேலே பார்த்துக் குனிந்து கீழே பார்த்து மிதிக்கிறவர். அவரைப் பார்க்கிற ஜெர்மன்காரருக்குத் தன் அலுவலகத்தில் மூன்றாவது மேசை ஞாபகம் வரும். திரைப்படமாக எடுக்கலாம் என்றபோது, ரசிகர்களிடமே கேட்டார்கள். ஏறக்குறைய ஒரே வாரத்தில் 10 லட்சம் யூரோ சேர்ந்தது. 2014-இல் படம் வந்தது. எடுபடாத சிரிப்புக்கு யார் கைப்பணத்தைக் கொடுப்பார்கள்?

பிரான்சில் 2006-இல் வந்த வடிவம் 6 அத்தியாயங்களோடு நின்றது. இஸ்ரேலில் 2010-இல் வந்த தொடர், அரபு ஊழியரையும் ஆசாரமான யூத ஊழியரையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. வாயைத் திறந்தால் அபத்தம் பேசும் மேலாளருக்கு அந்த அறையில் ஒவ்வொரு சொல்லும் கண்ணிவெடிதான். போலந்து 2021-இல் கனிமநீர் விற்கும் கம்பெனிக்குப் போனது, இடம் ஷெட்ல்ட்சே என்ற நகரம். அதை நான் துண்டுதுண்டாகத்தான் பார்த்தேன், ஆகவே தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

2024-இல் வந்த ஆஸ்திரேலிய வடிவத்தில் முதன்முறையாக மேலாளர் ஒரு பெண், ஹன்னா ஹவர்ட். தலைமையகம் கிளையை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்கிறது. சம்பளத்துக்கு ஆபத்தில்லை. ஆனாலும் ஹன்னா பதறுகிறார், எட்டமுடியாத இலக்குகளுக்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டி அலுவலகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். அந்த நாற்காலிகளும் அந்தக் காபி இடைவேளையும் போய்விட்டால் அவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. 2001-இல் எழுதியிருக்கவே முடியாத பயம் இது. தொடரை எல்லோரும் கொண்டாடவில்லை. இருந்தாலும் இந்த ஒரு யோசனைக்காகவே அதை மதிக்கிறேன்.

நம் நாட்டு இந்தி வடிவத்துக்கு வருகிறேன். 2019-இல் ஹாட்ஸ்டாரில் வந்தது, ஃபரீதாபாதில் ஒரு காகித நிறுவனம், மேலாளராக முகுல் சட்டா நன்றாகவே நடித்தார். ஆனால் தொடர் அமெரிக்க வடிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தது. எங்கே வெட்கப்பட வேண்டும், எங்கே கேமராவைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது கூட ஸ்க்ரான்டனில் தீர்மானமானது போலிருந்தது. இது இந்தியாவுக்கு வராத கலை என்று சொல்லிவிடவும் முடியாது. 2001-இலேயே, அமைச்சரையும் அதிகாரிகளையும் கேலி செய்யும் பிரிட்டிஷ் தொடரான ‘யெஸ் மினிஸ்டரை’ ‘ஜீ மந்த்ரிஜி’ என்று எடுத்தார்கள். ஃபாரூக் ஷேக் அமைச்சராக வந்தார். கோப்பும் குறிப்பும் தலைமைச் செயலகமும் வெள்ளைக்காரர் விட்டுப்போனவை என்பதால், அந்த ஆடை நமக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. இந்தியில் 2020-இல் வந்த ‘பஞ்சாயத்’ தொடர் 2024-இல் தமிழில் ‘தலைவெட்டியான் பாளையம்’ ஆனபோதும் இதே கதைதான். மனைவி தலைவராக இருக்க, கணவர் நாற்காலியில் உட்காரும் பஞ்சாயத்து அலுவலகத்தை யாரும் நமக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘தி ஆபீஸை’ யாராவது தமிழில் எடுக்க நினைத்தால், அவர்களுக்காக ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஒரு புது மேலாளர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்து, “சார்னு கூப்பிடாதீங்க, நாம எல்லாரும் நண்பர்கள், பேரைச் சொல்லியே கூப்பிடுங்க” என்றார். கைதட்டினோம். பெயரைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, சார் என்று சொல்லவும் அனுமதி இல்லை. மூன்று மாதம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே வேலை பார்த்தோம். கையெழுத்து வேண்டுமென்றால் அறைக் கதவருகே போய் நின்று தொண்டையைச் செருமுவோம். அவரே நிமிர்ந்து பார்க்கும்வரை கோப்பை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருப்போம். ஒருநாள் கூட்டத்தில் வயதில் மூத்த சகா ஒருவர் துணிந்து பெயரைச் சொல்லிவிட்டார். மேலாளர் முகம் ஒரு நொடி கறுத்தது, பிறகு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த மாதம் அந்த மூத்தவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து பிரிவு முழுக்க மறுபடி ‘சார்’ என்றது, அவரும் தடுக்கவில்லை.

நண்பன் முதலில், மேலாளர் பிறகு என்று பிரென்ட் சொல்லிக்கொள்வதற்குத் தமிழ் வடிவம் எங்கள் பிரிவின் அந்த மூன்று மாதம்தான். எடுக்கிறவர்கள் கேமராவை அந்தக் கதவருகே வைக்கட்டும். அதுவரை, ஜெர்மன் தொடரைப் பற்றி மட்டுமாவது தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர், நெடுநாள் வாசகி